பழைய புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒரே ஸ்கேனர் போதுமா?

கேள்வி

வணக்கம். என் பெற்றோர் விட்டுச் சென்ற ஆவணங்களையும் குடும்பப் படங்களையும் கணினியில் சேர்த்து வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். தாள்கள் அறுநூறு இருக்கும். படங்கள் முந்நூறுக்குச் சற்று மேல், அவற்றில் பாதி கறுப்பு அட்டை ஆல்பத்தில் பசையால் ஒட்டப்பட்டவை. இப்போதைக்கு உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் முயன்று வருகிறேன்.

இதில் இரண்டு குறைகளைக் காண்கிறேன். தாள்களை மேல்தட்டில் அடுக்கி, அவற்றை ஒவ்வொன்றாகத் தானே இழுக்கும் ஃபீடர் வழியாக எடுத்தால், எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் மயிரிழை போன்ற கோடு மேலிருந்து கீழ்வரை விழுகிறது. கண்ணாடியில் வைத்து எடுத்தால் அது வருவதில்லை. அடுத்தது, ஆல்பத்தைக் கவிழ்த்து எடுத்த அம்மாவின் திருமணப் படத்தில் முகம் தெளிவாக இருக்க, படத்தின் ஓரம் சுருண்டு எழும்பியிருக்கும் இடத்தில் மாலையின் பூக்கள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. இயந்திரம் பழுதா? புதிது வாங்குவதானால், பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாமா?

மறுமொழி 1

கோடு விழுவது பழுது அன்று. ஃபீடரில் தாள் நகரும். சென்சார் ஒரே இடத்தில் நிற்கும். ஆகவே பெரிய கண்ணாடியின் ஓரத்தில் தனியாக உள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி பசையோ வெள்ளை மையோ ஒட்டியிருந்தாலும், அது தாள் முழுவதும் கோடாக இழுபடும். இயந்திரத்தை அணைத்துவிட்டு, சற்றே ஈரமான, நூல் பிரியாத துணியால் அந்தப் பட்டையைத் துடைத்துப் பாருங்கள். புகைப்படங்களை மட்டும் ஃபீடரில் விடவே வேண்டாம். உருளைகள் அவற்றைக் கீறலாம், மடக்கலாம்.

மறுமொழி 2

மாலை கலங்குவதுதான் தாங்கள் எதை வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறிகுறி. இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார் இருக்கும். கண்ணாடிக்கு மிக அருகில், அதன் அகலம் முழுவதும் நீண்டிருக்கும் அந்த வரிசைக்குக் கண்ணாடியைத் தொட்டிருக்கும் பரப்பு மட்டுமே கூர்மையாகத் தெரியும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் படம் மங்கிவிடும். சிசிடி என்னும் மற்றொரு சென்சார் வகையில், ஒளியைத் திருப்பும் முகக்கண்ணாடிகளும் லென்ஸும் வழியாகப் படம் சென்சாரை அடைவதால், சுருண்ட ஓரத்தையும் தடித்த புத்தகத்தின் நடுமடிப்பையும் அது ஓரளவு தாங்கும். மூடியை அழுத்திச் சரிசெய்ய முயல வேண்டாம். பழைய படத்தின் மேற்பூச்சு வெடிக்கக்கூடும்.

டிபிஐ எண்ணில் ஆப்டிகல், அதாவது சென்சார் உண்மையில் படிக்கும் அளவு, என்று குறித்திருப்பதை மட்டும் பாருங்கள். மற்றது மென்பொருள் இட்டு நிரப்பும் புள்ளிகள். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400×3600, அதாவது 86 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். 1200க்குப் போனால் கோப்பு நான்கு மடங்காகும், ஆனால் காகிதப் படத்தில் அதற்குமேல் விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. தாள்களுக்கு 300 போதும். எழுத்துணரி மென்பொருளுக்கும் அது ஏற்றது.

கேள்வி கேட்டவர்

பட்டையைத் துடைத்தேன், காய்ந்த வெள்ளை மை ஒரு கடுகளவு ஒட்டியிருந்தது. கோடு போய்விட்டது, மிக்க நன்றி. ஆல்பத்தின் பின்னுறையில் 35 மிமீ கறுப்பு வெள்ளை நெகடிவ்களும் இருக்கின்றன. அவற்றையும் புதிதாக வாங்கும் இயந்திரத்திலேயே எடுக்க இயலுமா?

மறுமொழி 2

மூடியிலும் விளக்கு உள்ள சிசிடி பிளாட்பெட்டாக (கண்ணாடியில் வைத்து எடுக்கும் ஸ்கேனராக) இருந்தால் இயலும். நெகடிவின் ஊடே ஒளி பாய வேண்டும். ஒரு சட்டகம் 24×36 மிமீதான் என்பதால், உயர்ந்த ஆப்டிகல் எண் உண்மையில் பயன்படும் இடம் இதுவே. 2400க்குக் குறையாமல் எடுங்கள். சில இயந்திரங்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி உண்டு. கறுப்பு வெள்ளை நெகடிவில் உள்ள வெள்ளித் துகள்கள் அந்த ஒளியையும் மறைப்பதால், அதைத் தங்களுக்காக நம்ப முடியாது. ரப்பர் ஊதியால் தூசியை அகற்றிவிட்டு வையுங்கள்.

மறுமொழி 1

தாள்களை இரவல் இயந்திரத்திலேயே முடித்துவிடுங்கள். படங்களுக்கு மட்டும் பிளாட்பெட் வாங்கினால் போதும். வாங்குமுன், தங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்துக்கு டிரைவர் (கணினி ஸ்கேனரை இயக்க உதவும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். டிரைவர் நின்றுபோனதால் மட்டுமே நல்ல ஸ்கேனர் ஒன்றை நான் மூலையில் வைத்திருக்கிறேன். மூலக்கோப்பைத் தரம் குறையாமல் காக்கும் டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப அளவில் சிறிய ஜேபெக் நகல் எடுங்கள்.