தேடலில் ‘பெயனீர்’ சிக்கவில்லை. அட்டை எழுதுவதை விட்டுவிடலாமா?

மறுபடி மாணவி:

வணக்கம். எனக்கு 48 வயது. கால் நூற்றாண்டு கழித்து மறுபடி மாணவியாகியிருக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்டப் படிப்பு. தமிழ் ஆய்வு மாணவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1999-2000இல் மதுரையில் எம்.ஃபில். படித்தேன். (அந்தப் படிப்பையே 2022ஆம் ஆண்டு யுஜிசி விதிகள் நிறுத்திவிட்டன.) தலைப்பு, குறுந்தொகையில் நீர். உ.வே.சா. பதிப்பை நூலகத்தில் வீட்டுக்குத் தரமாட்டார்கள். காலையில் பஸ் பிடித்துப் போய், ஜன்னலோர மேசையில் இடம் பிடித்து, மதியச் சோற்றை வராந்தாவில் சாப்பிட்டுவிட்டு, மூடும் வரை எழுதுவேன். ஆய்வு அட்டை வாங்கக் காசு கிடையாது. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை அப்பா ஒரே அளவாக வெட்டித் தருவார். அதன் வெறும் பக்கத்தில் பாட்டு எண், அடி, திணை, யார் கூற்று, யாருக்குச் சொன்னது, புலவர் பெயர் என்று எழுதுவேன். 401 பாட்டையும் வரி வரியாக மூன்று தடவை படித்தேன். நான்கு மாதம் ஆயிற்று. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகள் இரண்டு நிறைந்தன.

கல்யாணம், குழந்தைகள், மாமியாரின் நோய் என்று படிப்பு எம்.ஃபில்.லோடு நின்றது. பெட்டிகள் மட்டும் மூன்று வாடகை வீடு மாறியும் கூடவே வந்தன.

போன மாதம், உடன் ஆய்வு செய்யும் ஒரு பெண் (என் மகள் வயது) தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் குறுந்தொகைக் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, ‘நீர்’ என்று தட்டிக் காட்டினாள். “உங்க நாலு மாசம் இதோ முடிஞ்சிருச்சு அம்மா” என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அன்றிரவு வீட்டில் பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கணக்கு ஒத்துப்போகவில்லை. என் அட்டைகளில் இருக்கும் பல பாடல்கள் தேடலில் இல்லை.

முதலில் விடுபட்டிருந்தது எது தெரியுமா? நாற்பதாம் பாட்டு! ‘செம்புலப் பெயனீர் போல.’ தமிழ் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் தெரிந்த வரி. பெயல், நீர் இரண்டும் புணர்ந்து ‘பெயனீர்’ ஆகிவிட்டதால் ‘நீர்’ என்று தேடினால் வராது, ‘பெயல்’ என்று தேடினாலும் வராது. அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரே செம்புலப்பெயனீரார். அவரும் சேர்ந்து காணாமல் போய்விட்டார். அப்புறம் பார்த்தால் மூன்றாம் பாட்டும் இல்லை. ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரள வின்றே.’ அங்கே நீர் ‘நீரி’ என்று உயிர் ஏறி நிற்கிறது, புள்ளி வைத்த ‘ர்’ இல்லை.

என் கேள்வி இதுதான். இப்போது படிக்கிற நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என் நெறியாளர் (என்னைவிட இளையவர், நல்ல மனிதர்) அடுத்த மாதத்துக்குள் எக்செல் அட்டவணை கேட்கிறார். நற்றிணைக்கும் அகநானூற்றுக்கும் மறுபடி கையால் அட்டை எழுதலாமா, அல்லது தேடலை நம்பிவிடலாமா?

---

நெய்தல்கரை:

அக்கா, நானும் முனைவர் பட்ட மாணவன்தான், மூன்றாம் ஆண்டு. முதலில் தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புள்ளி இல்லாமல் ‘நீர’ என்று தேடிப் பாருங்கள். கணினியைப் பொறுத்தவரை ‘ர்’ என்பது ‘ர’வும் புள்ளியும், ‘ரி’ என்பது ‘ர’வும் கொக்கியும். அதனால் எழுத்துக் குறியீட்டை அப்படியே பார்க்கும் மென்பொருளில் ‘நீர’ என்று தட்டினால் நீர், நீரினும், நீருள் மூன்றும் வந்துவிடும். சில செயலிகள் முழு எழுத்தாகவே ஒப்பிடும், அவற்றில் வராது. பெயனீருக்கு ‘னீர’, கண்ணீர், தண்ணீர் மாதிரியானவற்றுக்கு ‘ணீர’ என்று தனித்தனியாகத் தேட வேண்டும். ல, ள, ன, ண, ம் எதில் முடிந்தாலும் புணர்ச்சியில் என்ன ஆகும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். கடல், கடற், கடன். கல், கற், கன். நன்னூல் புணரியல் எனக்கு இளங்கலையில் ஏறவே இல்லை. தேடத் தொடங்கிய பிறகுதான் ஏறியது. இதை மனசார எழுதுகிறேன்.

சந்தி பிரித்த பாடத்தில் தேடினால் வேலை பாதியாகக் குறையும். மர்ரே ராஜம் பதிப்பு அந்தக் காலத்திலேயே பிரித்துக் கொடுத்தது. இணையத்தில் ப. பாண்டியராஜா ஐயா உருவாக்கிய தொடரடைவுத் தளம் இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் வரும் இடமெல்லாம் அடியோடு வரும். அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் பிரித்தவர் எப்படிப் பிரித்தாரோ அப்படித்தான் கிடைக்கும். ஒரே அடியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிரித்தால் பொருளே மாறும் இடங்கள் உண்டு. அங்கே அச்சுப் புத்தகத்துக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னொன்று, ‘கொ’ என்ற எழுத்தில் ‘க’வோடு சேரும் ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் வைக்கலாம், தனித்தனிக் குறியீடாகவும் வைக்கலாம். பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சில செயலிகளில் தேடல் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். காலுக்குப் பதில் ‘ர’ விழுந்த கோப்புகளும் ஏராளம்.

அப்புறம் என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம் கடற்கரை. ஊர்ப்புற நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகமும் பத்திரிகையும்தான். உ.வே.சா. பதிப்பை இளங்கலை முடிக்கும் வரை நான் கண்ணால் கண்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியில், சித்தப்பா கடையில் போய் இறக்கி வந்த மதுரைத் திட்டக் கோப்புகளில்தான் சங்க இலக்கியம் முழுவதையும் முதல் தடவை படித்தேன். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. உலகத்தின் ஏதோ மூலைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்த வேலை. எனக்கு அதுதான் நூலகம், ஜன்னலோர மேசை எல்லாம். நாலு மாதம் நூலகத்தில் உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தால் நானும் எழுதியிருப்பேன் அக்கா.

---

வடலி:

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன்.

நான் படித்த காலத்தில் இங்கே புத்தகமே பிரச்சினை. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது போனவை 97,000 நூல்கள் என்பார்கள். பிறகு 1990க்குப் பின் பல வருடம் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு எழுதினேன். ஒரு புத்தகம் கைக்கு வந்தால் அது ஐந்தாறு வீடு போக வேண்டும். ஆகவே கொப்பியில் முழுதாகப் பார்த்தெழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். அப்படி எழுதின நன்னூல் காண்டிகையுரைக் கொப்பி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. எழுதின கைக்கு அந்த நூற்பாக்கள் இன்றும் மறக்கவில்லை.

அதே நேரம், கையால் எழுதுவதைப் புனிதமாக்க நான் வரவில்லை. வேறு வழி இல்லாமல் எழுதினோம். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் வந்த பிறகு, எரிந்துபோனது என்று நினைத்த சஞ்சிகைகளை என் அறையில் இருந்து பார்த்தேன். பேரப்பிள்ளை கைபேசியில் திறந்து காட்டினான். நான் மாணவனாக இருந்தபோது வாசித்த ஒரு மலர், அதே அட்டை, அதே விளம்பரங்கள். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

அங்கே கனக்க நூல்கள் பக்கங்களைப் படம் பிடித்த கோப்பாகவே கிடக்கின்றன. சொல் கொடுத்துத் தேட முடியாது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளும்போது தேடாத ஒன்று கண்ணில் படும். உங்களுடைய நற்றிணைக்குச் சொல்கிறேன்: ஒருமுறை, ஒரே ஒருமுறை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

---

கல்லூரி வாத்தியாரம்மா:

நான் இளங்கலை மாணவிகளுக்குச் சங்க இலக்கியம் நடத்துகிறேன். உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்றைத் தொடுகிறது.

போன பருவத்தில் ஒரு மாணவி கொடுத்த ஒப்படைப்பில் ‘நற்றிணை 412, கபிலர்’ என்று ஐந்து அடிப் பாட்டு ஒன்று. படித்தால் சங்கப் பாட்டு மாதிரியே இருக்கிறது. குன்றம், வேங்கை, சாரல் எல்லாம் இருக்கிறது. நற்றிணையில் இருப்பதே 400 பாட்டு! செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டிருக்கிறாள், அது எழுதிக் கொடுத்துவிட்டது. அவள் ஏமாற்ற நினைக்கவே இல்லை. கேட்டாள், கொடுத்தது, நம்பினாள். அழுதுவிட்டாள் பிள்ளை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து போகிற பெண், வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. அவளை நான் எப்படிக் கடிந்துகொள்ள?

இப்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு பாட்டு கொடுக்கிறேன். அச்சுப் புத்தகத்திலிருந்து கையால் எழுத வேண்டும். சீர் எங்கே உடைகிறது, சொல் எங்கே முடிகிறது என்று பென்சிலில் கோடு போட வேண்டும். கைபேசியில் தேடலாம், தடையில்லை, ஆனால் கண்டுபிடித்ததை அந்தத் தாளில் குறித்துக் காட்ட வேண்டும். ‘யாரா கியரோ’ என்பதில் கோடு போடத் தடுமாறுகிறார்கள். கோடு சரியாக விழுந்ததும் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

உங்கள் பெட்டியை ஒரு நாள் எங்கள் வகுப்புக்குக் கொண்டு வருவீர்களா? உண்மையாகவே கேட்கிறேன்.

---

மறுபடி மாணவி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகத் தம்பி சொன்னபடி செய்து பார்த்தேன். ‘நீர’, ‘னீர’, ‘ணீர’ எல்லாம் தேடி, தொடரடைவோடும் ஒப்பிட்டேன். இப்போது எண்ணிக்கை என் அட்டைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அத்தோடு நான் அன்றைக்குத் தவறவிட்ட இரண்டு இடங்களும் அகப்பட்டன. மூன்று தடவை படித்தும் விட்டிருக்கிறேன். ‘நீயிர்’ என்ற பொருளில் வரும் ‘நீர்’, ‘தன்மை’ என்ற பொருளில் வரும் ‘நீர்’, இவற்றையெல்லாம் நான்தான் ஒவ்வொன்றாகப் படித்துக் கழிக்க வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒப்பிடும்போது மூன்றாம் பாட்டின் அட்டை கையில் வந்தது. பின்பக்கம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மஞ்சள் கறையோடு. முன்பக்கம் ‘நீரினும்’ என்ற சொல்லின் கீழே என் அந்தக் கால நெறியாளர் ஐயா பென்சிலில் எழுதியிருக்கிறார்: ‘இங்கே நீர் என்றால் கடல். கடல் அட்டையிலும் சேர்.’ அவர் காலமாகிப் பல வருடமாயிற்று. அந்தக் குறிப்பை நான் சுத்தமாக மறந்திருந்தேன். எக்செல்லில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி சேர்த்து, முதல் வரியாக அதைத்தான் தட்டினேன்.

எம்.ஃபில். ஆய்வேட்டின் கோப்பையும் தேடி எடுத்தேன். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவி எது நல்லது என்று யாராவது சொன்னால் நல்லது.

வடலி அண்ணன் சொன்னபடி நற்றிணையை ஒருமுறை முழுக்க வாசிக்கப் போகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு வைத்தால் நாற்பது நாள். நெறியாளரிடம் சொன்னேன், அட்டவணைக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். கையால் அட்டை எழுதுவது, சந்தேகம் வரும் இடத்துக்கு மட்டும்.

வாத்தியாரம்மா, பெட்டியோடு கட்டாயம் வருகிறேன். உங்கள் ஊர் எது என்று தனிமடலில் சொல்லுங்கள். அந்தப் பெண் இருக்கும் வகுப்பாகப் பார்த்து நாள் குறியுங்கள்.

---

நெய்தல்கரை:

அக்கா, பாமினியை மாற்றும் நிரல் என்னிடமே இருக்கிறது, கோப்பை அனுப்புங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களில் கொஞ்சம் சொதப்பும், அதை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். அந்த மூன்றாம் பாட்டு அட்டையை ஒரு படம் எடுத்து இங்கே போட முடியுமா?