எட்டாதவர் மேல் வந்த கோபம்: பந்தல்களில் கண்டதைச் சொல்கிறோம்

கிளிநொச்சியிலிருந்து

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். என் பெரியம்மாவும் போய் இருந்தார். 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு எட்டு வருடம் வீட்டு மூலையில் தலைவலியும் நித்திரைக் குளிசையுமாகக் கிடந்தார். பந்தலுக்குப் போன பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. “துலைச்ச பிள்ளையைக் கேக்கேல்லை, குடுத்த பிள்ளையைத்தான் கேக்கிறன்” என்று அவர் கத்தியதை முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபம் நெஞ்சுக்குக் கூடாது, ஆற விடுங்கோ என்று உளவளத்துணைக்கு வந்த ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்க மாட்டேன். பெரியம்மாவைப் பாயிலிருந்து எழுப்பியது அந்தக் கோபம்தான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 இல், காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இழப்பீடாக ஒரு லட்சம் ரூபாய் என்று அரசு சொன்னது, பிறகு அதை இரண்டு லட்சமாக்கியது. காசு வேண்டாம், பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று தாய்மார் மறுத்தார்கள். அது பொருளாதாரம் விழுந்து கிடந்த வருடம். மண்ணெண்ணெய் இல்லை, அரிசி விலை தெரியும்தானே. எங்கள் ஒழுங்கையில் கணவரைத் தேடும் ஒரு அக்கா, மூன்று பெண்பிள்ளைகளோடு இருப்பவர், அந்தக் காசுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் அவர் பந்தலுக்கு வந்தபோது யாரும் தள்ளி இருந்து இடம் விடவில்லை. “மனுசனை வித்துப்போட்டு வந்திருக்கிறாள்.” சொன்னது என் பெரியம்மா. நான் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அந்த அக்காவிடம் வந்ததும் தாண்டிப் போனேன். அவர் பையிலிருந்து கணவரின் படத்தை எடுத்தார், ஒரு மூலையில் லேமினேற் பிரிந்திருந்தது, அதை விரலால் அமத்தினார். பிறகு திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த வருடம் ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தின ஊர்வலத்தில்தான் அவரை மறுபடி கண்டோம். வீதிக்கு அந்தப் பக்கம், கொளுத்தும் வெயிலில், தனியாக. பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏன் பிள்ளை வெயிலுக்க நிக்கிறாய், இஞ்சால வா” என்று கையைக் காட்டினார். மன்னிப்பு என்று ஒன்றும் இரண்டு பேரும் பேசவில்லை. அன்று இரவு புட்டுக் குழைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரியம்மா சொன்னார்: “அவையைத் திட்டவேண்டிய வாயால அவளைத் திட்டிப்போட்டன்.”

எட்டாத இடத்தில் இருக்கிறவர்கள் மேல் வந்த கோபம், கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவள் மேல் இறங்கியிருக்கிறது. அப்புறம் நான் ஒருவரையும் தாண்டித் தேநீர் ஊற்றியதில்லை.

கேப்பாப்புலவிலிருந்து

எங்களுக்கும் இது நடந்தது. எங்கள் காணிகளைப் படையினர் பிடித்து வைத்திருந்தார்கள். இங்குள்ள பிலவுக்குடியிருப்புச் சனம் ஏறக்குறைய ஒரு மாதம் படைமுகாம் வாசலில் போராடி இருந்து 2017 மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் போனார்கள். எங்கள் காணி அதில் இல்லை. அன்று எனக்கு வந்தது சந்தோசமில்லை, எரிச்சல். உங்களுக்குக் கிடைத்துவிட்டது, இனி வரமாட்டீர்கள் என்று ஒரு அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பகல் முழுக்கத் தன் வளவில் பற்றை வெட்டிவிட்டு, இரவு பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கொட்டிலில் வந்து படுத்தார். உள்ளங்கையில் கொப்புளம். விளக்கு வெளிச்சத்தில் அதற்கு நான்தான் எண்ணெய் பூசிவிட்டேன்.

இரணைமாதாநகரிலிருந்து

ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 1992 இல் போரால் எங்கள் தீவான இரணைதீவை விட்டு வந்தோம். பிறகு கடற்படை எங்களைத் திரும்பிக் குடியேற விடவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று எங்கள் படகுகளிலேயே போய் இறங்கினோம். எல்லாரும் தேவாலயத்தில் முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். ஐயா கட்டிய கிணற்றுக் கட்டு பற்றைக்குள் கிடந்தது. அவர் அதைப் பாராமலே செத்துப்போனார். அதன் மேல் கை வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.