கோடிங்கும் ஆம்புலன்ஸ் வேலையும் சேர்ந்து ஓடுமா?

ஓஎம்ஆர்வாசி
சென்னைல பேக்கெண்ட் டெவலப்பர், பாதி நாள் வீட்லேர்ந்து தான் வேலை. இஎம்டி (ஆம்புலன்ஸ்ல நோயாளிய பாத்துக்கற டெக்னீஷியன்) கோர்ஸ் படிச்சுட்டு வாரக்கடைசில ஆம்புலன்ஸ்ல போகணும்னு ரொம்ப நாளா இருக்கு. எங்க தெருல ஒருத்தர் மயங்கி விழுந்தப்ப சுத்தி அத்தனை பேர் நின்னோம், ஒருத்தருக்கும் மார்ல அழுத்த தெரியல, அதுலேர்ந்தே மனசுல ஓடிட்டு இருக்கு. ஐடி வேலைய விடற நிலைமைல இல்ல, வீட்டு லோன் இருக்கு. ரெண்டையும் சேத்து பாக்க முடியுமா முடியாதா, உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

பழைய_இஎம்டி
முடியாது தம்பி. ஆம்புலன்ஸ்ல பின்னாடி உக்காந்து வேலை பாத்தவன் சொல்றேன். நம்ம ஊர் 108 வண்டில ஒரு பைலட் (டிரைவர் தான்), ஒரு இஎம்டி, 12 மணி நேர ஷிப்ட், வண்டி கிளம்பிட்டா பின்னாடி நோயாளிக்கு நீ ஒருத்தன் தான்.

அம்பு பேக், அதான் முகத்துல மாஸ்க் வச்சு கையால அமுக்கி மூச்சு குடுக்கற பை, அது ஒண்ண மட்டும் எடுத்துக்கோ. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்க சுத்தி அழுத்தணும், மிச்ச மூணு விரல் தாடை எலும்ப மேல தூக்கிப் புடிக்கணும், எலும்ப விட்டுட்டு கீழ சதைய அழுத்தினா மூச்சு வழியே அடைஞ்சுரும், மாஸ்க் ஓரத்துல காத்து கசிஞ்சா நெஞ்சு எழும்பாது, பதட்டத்துல வேகமா அமுக்கினா காத்து வயித்துக்கு போய் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இன்னும் கஷ்டம். இத்தனையும் வேகத்தடைல குலுங்கற வண்டில. தினம் பண்றவன் கைக்கே ஒரு மாசம் லீவு போட்டா தயக்கம் வரும், நீ வாரக்கடைசில மட்டும் வந்து என்ன பண்ணுவ?

எடிசன்_அக்கா
இத நான் ஒத்துக்க மாட்டேன். நியூஜெர்சில இருக்கேன், பகல்ல டெஸ்ட் ஆட்டோமேஷன், வாரத்துல ஒரு ராத்திரி எங்க ஊர் ஸ்குவாட்ல (ஊர் ஆம்புலன்ஸ் குழு) சம்பளம் இல்லாத இஎம்டி. இங்க எத்தனையோ ஊர்ல பல வருஷமா இப்படித்தான் ஓடுது, டீச்சர், பிளம்பர், அக்கவுண்டன்ட், ஐடி ஆளுன்னு எல்லாரும் வராங்க. இஎம்டி கோர்ஸ் 150 மணி நேரத்துக்கு மேல, சாயங்கால கிளாஸ்ல முடிக்கலாம். இஎம்டிக்கான நேஷனல் ரெஜிஸ்ட்ரி சர்டிபிகேட்ட 2 வருஷத்துக்கு ஒரு தடவ 40 மணி நேரம் படிச்சு புதுப்பிக்கணும். கை பழக்கம் போகும்னு சொல்றது உண்மை தான், அதுக்கு தான் ட்ரில் வைக்கறாங்க, பொம்மைல திரும்ப திரும்ப பண்ண வைப்பாங்க.

ஆனா ஒண்ணு, பாராமெடிக் ஆகறது வேற விஷயம். அது ஆயிரம் மணி நேரத்துக்கு மேல படிப்பு, மருந்து ஏத்தறது, மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறதுன்னு போகும், ஐடி வேலைல இருந்துகிட்டே அத எடுக்கறத நானும் சொல்ல மாட்டேன். இங்க எச்1பி வேலை விசால இருக்கறவங்களும் கவனிங்க, வழக்கமாவே சம்பளம் இல்லாம பண்ற தொண்டா இருந்தா தான் போகலாம், காசு வாங்கினா விசாவுக்கே ஆபத்து.

பழைய_இஎம்டி
மேடம் உங்க ஊர் ஏற்பாடு வேற. கேஸ் மோசம்னா உங்களுக்கு பின்னாடியே ஆஸ்பத்திரிலேர்ந்து ரெண்டு பாராமெடிக் வேற வண்டில வராங்க, சரியா? அந்த தைரியத்துல தான் வாலண்டியர் முறை நிக்குது. இங்க பெரும்பாலான ஊர்ல அப்படி ரெண்டாவது வண்டி வராது.

தூக்கத்த யாருமே பேசல பாருங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவன் அளவுக்கு நிதானம் குறையுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் முடிச்சுட்டு சனிக்கிழமை காலைல வண்டி ஏறினா அந்த நிலைமைல தான் மருந்து அளவு படிப்ப. நோயாளிக்கு நீ ஐடின்னு தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல.

பெஞ்ச்மார்க்
நானும் வேண்டாம்னு தான் சொல்வேன், ஆனா காரணம் வேற. ஆபர் லெட்டர எடுத்து படிங்க ப்ரோ, வேற வேலை பாக்கக்கூடாதுன்னு இருக்கும். 2022 செப்டம்பர்ல போட்டி கம்பெனிக்கும் வேலை பாத்தாங்கன்னு விப்ரோ 300 பேர வேலைய விட்டு அனுப்புச்சுது, அதுக்கு அடுத்த மாசமே இன்போசிஸ் மேனேஜர் கிட்ட அனுமதி வாங்கிட்டு வெளி வேலை பாக்கலாம்னு சொல்லுச்சு. ஆக கம்பெனிக்கு கம்பெனி மாறும், கேக்காம இறங்காதீங்க.

அதோட உங்க திறமை எங்க அதிகம் பேருக்கு உதவும்னு யோசிங்க. 108 சேவையே 2005ல ஹைதராபாத்ல ஆரம்பிச்சது சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு தான், போன் எடுக்கறதுலேர்ந்து எந்த வண்டிய அனுப்பறதுங்கற வரைக்கும் பின்னாடி சாப்ட்வேர் தான் ஓடுது. நீங்க ஒரு ஷிப்ட்ல பத்து பேர பாக்கறதுக்கு பதிலா வண்டி ரெண்டு நிமிஷம் முன்னாடி போற மாதிரி கோட் எழுதினா ஊருக்கே லாபம்.

சிங்கை_மெடிக்
பெஞ்ச்மார்க் சொல்றதுல எனக்கு பெரிய ஆட்சேபணை இருக்கு. நான் சிங்கப்பூர்ல கட்டாய தேசிய சேவைய எஸ்சிடிஎப்ல (தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பாக்கற படை) மெடிக்கா முடிச்சவன், இப்ப டெவலப்பர். வண்டில ஏறாதவங்க மட்டும் உக்காந்து ஆம்புலன்ஸ் சாப்ட்வேர் எழுதினா என்ன ஆகும்னு லண்டன்ல பாத்தாச்சு. 1992 அக்டோபர் 26 அன்னைக்கு எந்த வண்டிய அனுப்பறதுன்னு முடிவு பண்ற புது டிஸ்பாட்ச் சிஸ்டத்த மொத்த லண்டனுக்கும் ஒரே நாள்ல போட்டாங்க. எந்த வண்டி எங்க, என்ன நிலைல இருக்குங்கற தகவல் எப்பவும் சரியா வரும்னு நம்பி எழுதின சிஸ்டம் அது. நிஜத்துல அவசரத்துல க்ரூ தப்பான பட்டன அமுக்குவாங்க, அமுக்க மறப்பாங்க, ரேடியோ சிக்னல் போகாது. உடனே வண்டி இருக்கற இடம் தப்பா காமிச்சு, ஒரே கேசுக்கு ரெண்டு வண்டி போய், எச்சரிக்கை மெசேஜ் குவிஞ்சு திரைய விட்டே ஓடிருச்சு, ஜனங்க வண்டி வரலன்னு திரும்ப திரும்ப போன் பண்ணி அது இன்னும் மோசமாச்சு. நவம்பர் 4 சிஸ்டம் மொத்தமா நின்னுச்சு, காரணம் ஒவ்வொரு தடவ வண்டி அனுப்பும்போதும் எடுத்த மெமரிய திருப்பி விடாத ஒரு துண்டு கோட், பேக்கப்பும் கைகொடுக்கல.

மெமரி விஷயம் எந்த டெவலப்பர் வேணாலும் புடிச்சிருக்கலாம். ஆனா பட்டன் விஷயம், கையுறைல ரத்தத்தோட ஒரு நைட்டு நின்னவனுக்கு தான் முன்கூட்டியே தோணும். அதனால ஓஎம்ஆர்வாசி மாதிரி ஆளுங்க கண்டிப்பா வேணும்.

வண்டில தான் ஏறணும்னும் இல்ல. இங்க 2015லேர்ந்து மைரெஸ்பாண்டர் ஆப் இருக்கு, 400 மீட்டருக்குள்ள யாருக்காவது இதயம் நின்னா பக்கத்துல இருக்கறவங்களுக்கு தகவல் வரும், வண்டி வர்றதுக்குள்ள நீங்க மார்ல அழுத்த ஆரம்பிக்கலாம்.

ஓஎம்ஆர்வாசி
எல்லாருக்கும் நன்றி. அண்ணா தூக்கம் பத்தி சொன்னது சரியா படுது, ஆனா கை பழக்கம் போயிரும் அதனால ஆரம்பிக்கவே கூடாதுங்கறது ஏத்துக்க முடியல. இதயம் நின்னு யாரும் மார்ல அழுத்தலன்னா ஒவ்வொரு நிமிஷமும் பொழைக்கற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் குறையுதுன்னு படிச்சேன், எங்க தெருல நின்ன அத்தனை பேர்ல ஒருத்தனுக்கு தெரிஞ்சிருந்தா கூட போதுமே. இப்போதைக்கு பிஎல்எஸ் (மார்ல அழுத்தறது மாதிரி அடிப்படை உயிர்காப்பு) கோர்ஸ் முடிக்கறேன், ஹெச்ஆர்ல எழுத்துல கேக்கறேன், அப்புறம் இஎம்டி.

பழைய_இஎம்டி
பிஎல்எஸ்ஸுக்கு நான் எதிரி இல்ல, அது ஆபீஸ்ல வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் படிக்க வேண்டியது. நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ, 5 சென்டிமீட்டராவது உள்ள போகணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்தணும், அத பொம்மைல பண்ணி பாரு, ரெண்டாவது நிமிஷத்துல தோள் என்ன சொல்லுதுன்னு தெரியும். வண்டி விஷயத்துல மட்டும் என் பேச்சு மாறாது. மாசத்துக்கு ஒரு ஷிப்ட் வந்தா போதும்னு எந்த பிரைவேட் வண்டிக்காரனாவது உன்ன தனியா பின்னாடி ஏத்தினா போகாத.

எடிசன்_அக்கா
அதுல நானும் அவர் பக்கம் தான். எங்க ஸ்குவாட்லயே புதுசா வரவங்கள தனியா விட மாட்டாங்க, மூணாவது ஆளா கூட ஏத்தி, சீனியர் கையெழுத்து போட்ட பிறகு தான் நோயாளிய தனியா பாக்க விடுவாங்க. தம்பி நீங்க சேரற இடத்துல முதல்ல இத கேளுங்க, யார் கூட இருப்பாங்க, எத்தனை நாளைக்கு இருப்பாங்கன்னு.