கோடிங் செய்த பிறகு ஓடோமீட்டர் குறைந்துவிட்டது: எந்த எண் உண்மை?

அஸ்தம்பட்டி டீசல்:
வணக்கம். என்னுடையது பழைய டீசல் ஹேட்ச்பேக். கிளம்பியதும் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளவும், சாவி போட்டதும் மீட்டர் முள் ஒருமுறை முழுக்க ஏறி இறங்கவும் என் மச்சினன் ஓபிடி கருவியை (வண்டியின் கணினியோடு பேசும் கருவி) மாட்டி, கிளஸ்டரில், அதாவது மீட்டர் பலகையில், கோடிங் எனும் அமைப்பு மதிப்புகளை மாற்றிக் கொடுத்தான். இரண்டும் அருமையாக வேலை செய்கின்றன. ஆனால் 86,412 காட்டிய ஓடோமீட்டர் இப்போது 53,694 காட்டுகிறது! கைபேசிச் செயலியிலோ ஓரிடத்தில் 65,535 என்று இருக்கிறது. ஏற்காடு ஏரி வரை போய்ப் பார்த்தேன். வழக்கமாக 30 காட்டும் டிரிப் மீட்டர் 18.6-இல் நின்றுவிட்டது. வண்டியை விற்கும் எண்ணம் வேறு இருக்கிறது. வாங்க வருபவர் என்னைத் திருடன் என்று நினைக்க மாட்டாரா?

செவ்வாய்ப்பேட்டை ராசா:
மீட்டர் திருத்துபவர்கள் இருக்கிறார்கள், அண்ணா. கழற்றிக் கொடுத்தால் 86,412 என்றே எழுதித் தந்துவிடுவார்கள்.

பழைய வயரிங்:
தம்பி ராசா சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். சரியாக இருக்கும் எண்ணைக் கெடுக்கும் வழி அது. அஸ்தம்பட்டி சார், ஒன்று கேட்கிறேன்: மைலேஜ் காட்டும் இடத்தில் இப்போது என்ன வருகிறது?

அஸ்தம்பட்டி டீசல்:
அதைச் சொல்ல மறந்துவிட்டேன். லிட்டருக்கு 18 வரும். இப்போது 50-ஐத் தாண்டி நிற்கிறது. முள் ஏறி இறங்கியதில் வண்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று மச்சினன் சொல்கிறான்.

பழைய வயரிங்:
உற்சாகமெல்லாம் இல்லை, வண்டி இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 53,694-ஐ 1.609-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய உங்கள் பழைய எண்ணே வரும். 18.6-ஐப் பெருக்கினால் 30. அங்கே தூரம் மைலில், எரிபொருள் 4.546 லிட்டர் கேலனில். லிட்டருக்கு 18 கி.மீ. என்பது அந்தக் கணக்கில் கேலனுக்கு 50.9 மைல். அமெரிக்கக் கேலன் சிறியது. அதுவாக இருந்தால் 42 காட்டியிருக்கும். கோடிங்கில் முள்ளுக்கான பிட்டை (0 அல்லது 1 என்ற இலக்கத்தை) மாற்றும்போது நாட்டுக்கான மதிப்பும் சேர்ந்து மாறியிருக்கிறது. கிளஸ்டருக்குள் பதிந்திருக்கும் தூரம் அப்படியேதான் இருக்கிறது, திரையில் காட்டும் அலகு மட்டுமே வேறு. அதன் மேல் ஒருவர் 86,412 என்று எழுதினால்தான் உண்மையிலேயே கணக்கு உதைக்கும்.

அஸ்தம்பட்டி டீசல்:
அப்படியானால் 65,535 எங்கிருந்து வந்தது? அதை 1.609-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றும் பொருந்தவில்லையே.

பழைய வயரிங்:
பொருந்தாது, அது ஓடோமீட்டரே இல்லை. வண்டியின் கணினியில் பதிந்த பிழைக்குறிகளைக் கடைசியாக அழித்த பிறகு ஓடிய தூரம் அது. இரண்டு பைட்டுக்குள் அடங்கும் உச்ச எண் 65,535. அதற்கு மேல் எண்ண முடியாமல் அங்கேயே நின்றுவிடும். இதுவரை யாரும் அழிக்கவில்லை போலும். ஒருமுறை அழித்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஓமலூர் ஓட்டுநர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு கிலோமீட்டருக்கு வேக உணரி எத்தனை துடிப்பு தரும் என்ற எண்ணிக்கையும் சில கிளஸ்டர்களில் இதே கோடிங்கில்தான் இருக்கிறது. அது மாறியிருந்தால் இனி ஓடும் தூரமும் தப்பாகவே ஏறும். ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில் அதைச் சோதிக்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓமலூர்ப் பக்கம் வாருங்கள், நேரான இடத்தில் கிலோமீட்டர் கற்களோடு டிரிப் மீட்டரை ஒப்பிடுங்கள். முள் ஜிபிஎஸ் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயம் வேண்டாம், அதை அப்படித்தான் அமைக்கிறார்கள். குறைவாகக் காட்டினால்தான் கவலை.

பழைய வயரிங்:
நல்ல யோசனை. முதலில் கருவியின் பழைய பதிவுகளில் மாற்றத்துக்கு முந்தைய கோடிங் சரம் (மதிப்புகளின் வரிசை) இருக்கும், அதை அப்படியே திரும்ப எழுதுங்கள். பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்யுங்கள், எழுதும்போது மின்னழுத்தம் விழுந்தால் கிளஸ்டரே போய்விடும். பிறகு முள்ளுக்கான பிட்டை மட்டும் தனியாக மாற்றலாம்.

அஸ்தம்பட்டி டீசல்:
பழைய சரத்தை எழுதியாயிற்று. 86,480-ஐத் தாண்டிக் காட்டுகிறது, ஏற்காடு போய் வந்த தூரமும் அதில் சேர்ந்திருக்கிறது. மைலேஜ் மறுபடி 18. நெடுஞ்சாலைக் கற்களோடும் ஒத்துப்போகிறது. முள் ஆடும் வித்தையை மச்சினன் அடுத்த ஞாயிறு தனியாகச் செய்து தருவதாகச் சொல்கிறான். வண்டி விற்ற பிறகு அவன் வண்டியில் செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.