வெட்டுத்துணியில் பாப்பாவுக்கு ஒரு போர்வை: தைத்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லைக்காரி:

தங்கைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு அரிசிச் சாக்கு நிறைய வெட்டுத்துணி. பிளவுஸ் தைத்ததில் மிஞ்சியது, பாவாடை ஓரம், அப்பாவின் கட்டம் போட்ட கைலி, நைந்துபோன எட்டு முழ வேட்டி. "இந்தக் குப்பையை எப்பதான் தூக்கிப் போடப்போற" என்று அம்மா மாதம் ஒரு தடவையாவது கேட்பாள்.

தங்கையின் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை பிறக்குமுன்ன அதுக்குன்னு எதையும் தைக்கப்பிடாது. தீட்டு கழியுற வரைக்கும் பழந்துணிதான்" என்றார். "அத்தை, தைக்கத்தானே கூடாது, வெட்டி வைக்கலாம்லா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அப்புறம் என்ன, 48 சதுரங்களும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய் நாலு மாதம் உறங்கின.

அளவு சொல்லிவிடுகிறேன். காலண்டர் அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதைத் துணியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை நிற்கும். வரிசைக்கு 8, மொத்தம் 6 வரிசை. 36க்கு 27 அங்குலம், கைப்பிள்ளைக்குத் தாராளம். நான் கோட்டின் மேல் வெட்டாமல் சில துண்டுகளைக் கோட்டுக்கு வெளியே வெட்டியிருக்கிறேன். சதுரத்துக்கு அரை நூல்தான் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூடுதல், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன். எட்டுத் துண்டு சேர்ந்ததும் அந்த வரிசை மட்டும் அரை அங்குலம் நீண்டு நின்றது. பிரித்துத் தைத்தேன். பிரிப்பதற்குத்தான் தைப்பதைவிட நேரம் பிடித்தது.

நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாம் என்றார்கள். துவைத்தால் கட்டி கட்டியாகத் திரளும், வேண்டாம் என்று பழைய பருத்திப் பெட்ஷீட்டையே ஒரு மடிப்பாகக் கொடுத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம். மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஊக்கு குத்த வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து உட்காரும். ஊக்கை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். நான் 30 குத்தினேன், 29தான் கிடைத்தது. பச்சைப்பிள்ளை படுக்கிற துணியாயிற்றே! ராத்திரி பதினோரு மணிவரை தடவித் தடவித் தேடினேன். கடைசியில் அது என் நைட்டியில் குத்திக்கொண்டிருந்தது.

மிச்சக் கதை சுங்குடிப் புடவையால் வந்தது. மற்ற துணிகளையெல்லாம் வெட்டுவதற்கு முன்பே ஊறவைத்து அலசிக் காயவைத்திருந்தேன். அரக்குச் சிவப்புச் சுங்குடி ஒன்றைத் தங்கை பிந்திக் கொண்டுவந்தாள். அவள் முதன்முதலாகச் சம்பளம் வாங்கி எடுத்த புடவை. ஒரு துண்டுதானே என்று அலசாமலே சேர்த்துவிட்டேன். முதல் துவைப்பில் பக்கத்திலிருந்த வேட்டிச் சதுரம் முழுக்க ரோஸ் நிறம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா விரித்துப் பார்த்துவிட்டு, "ஆரத்தித் தண்ணி கொட்டுன மாதிரில்லா இருக்கு, நல்லதுதான்" என்றார்.

இன்னொன்று. ஒரு வயசு ஆகும்வரை தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் லூசான போர்வை எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் இது போர்வையாகாமல் தரை விரிப்பாகத்தான் ஓடியது. முழித்திருக்கும்போது அதில் போடுவோம். குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் அதன் மேல்தான். பட்டன், பாசி, ஜரிகை எதுவும் வைக்கவில்லை.

பனியன் ஊர்:

திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். மெத்து மெத்தென்று இருக்கிறதே என்று ஆசையாக வாங்கி, அதையும் காட்டன் துண்டுகளையும் மாற்றி மாற்றி வைத்துத் தைத்தேன். பனியன் துணி இழுபடும், காட்டன் இழுபடாது. தைத்து முடித்துப் பார்த்தால் சுட்ட அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கிறது. இஸ்திரி போட்டும் படியவில்லை. அது இப்போது மிக்ஸிக்கு அடியில் கிடக்கிறது. இரண்டாவது தடவை, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பேப்பர் கேன்வாஸைப் பின்னால் ஒட்டிய பிறகுதான் பனியன் துணியை வெட்டினேன். சரியாக வந்தது. ஆனால் அந்த மெத்து போய்விட்டது.

தார்வாடில் ஒருத்தி:

கர்நாடகத்தில் இந்தப் பக்கம் இப்படி ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைக்குக் கவுதி என்று பெயர். பழைய புடவைகளை அடுக்கி, மேலே ஒட்டுத் துண்டுகளை வைத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போடுகிறார்கள். யல்லாப்பூர், ஹளியாள் ஊர்ப் பக்கம் சித்தி இனப் பெண்கள் தைப்பது இன்னும் அழகு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நெல்லைக்காரி அக்கா சொன்னதற்கு நேர் எதிராக, மூலையில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். எப்படிச் சுருக்கம் விழாமல் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கை பழகிய கை.

என் மகனுக்கு நான் தைத்ததை அவர்களில் ஒரு பாட்டியிடம் காட்டினேன். நடுவைப் பார்க்கவே இல்லை. நாலு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "பூ எங்கே?" என்றார். துணியை மடித்து மடித்து மூலையில் வைத்துத் தைக்கும் சின்ன ஒட்டுத் துண்டைத்தான் பூ என்கிறார்கள். அது இல்லாவிட்டால் கவுதி அம்மணமாக இருப்பதாக அர்த்தமாம். அங்கேயே ஊசி வாங்கி நாலையும் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, மிச்சத் துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நெல்லைக்காரி:

தார்வாட் அக்கா, படித்ததும் சாக்கை மறுபடி இறக்கிவிட்டேன். எங்கள் விரிப்புக்கும் மூலையில் பூ வைக்கப்போகிறேன், மிஞ்சின சுங்குடியில்தான். பக்கெட்டில் மூன்று நாளாக ஊறுகிறது. தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.