கிரஷர் பக்கத்து வீடு: பார்த்தவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளத்தான்:

கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் குடியிருந்தால் தூசியும் சத்தமும் என்ன பாடு படுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்ல வரவில்லை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு வீடு. 9 செண்டு, தார்சு வீடு, கிணறு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கேட்கிற விலையில் பாதி. மேற்கே ஒரு பனைமர வரிசை, அதற்குப் பின்னால் கிரஷரும் பாறைக்குழியும். புரோக்கர் எதையும் ஒளிக்கவில்லை. "சத்தமே கேட்காதுங்க, நீங்களே வந்து பாருங்க" என்றார். மார்கழிக் கடைசியில் ரெண்டு தடவை போனோம். உண்மையாகவே சத்தம் இல்லை. வாசல் சுத்தம், துளசி பச்சைப் பசேல். என் சம்சாரத்துக்கு அடுப்படி பிடித்துப் போய்விட்டது.

அந்த வீட்டு அம்மா காப்பி போட்டார். டம்ளர் எல்லாம் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது. அது எந்த வீட்டிலும் உள்ளதுதான். ஒன்றை எடுத்தார், பளபளவென்று இருந்தது. முந்தானையால் உள்ளே ஒரு சுற்று துடைத்தார். அப்புறம் வெளியே ஒரு சுற்று. அடுத்த டம்ளருக்கும் அதே மாதிரி. பேச்சு அவர் மகன் வேலையைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, கை தன்பாட்டுக்குத் துடைக்கிறது. மேற்குப் பக்கத்து ஜன்னல் மூன்றிலும் விளிம்பைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. ஏனுங்க என்று கேட்டேன். "கொசுங்க" என்றார். கிழக்கு ஜன்னலில் டேப்பே இல்லை. கொசு மேற்கிலிருந்து மட்டுமா வரும்?

தை முடிவதற்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அந்த முந்தானைதான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பண்ணைக்கு எதிர்வீடு:

எங்களுக்குக் கிரஷர் இல்லை, முட்டைக்கோழிப் பண்ணை. கோபாலபுரம் போகிற வழியில். மாசியில் பார்த்தோம், ஒரு ஈ இல்லை. வைகாசியில் பால் காய்ச்சினோம், அதற்குப் பத்து நாள் முன்னால் நல்ல மழை. கூண்டுக்கு அடியில் மாசக்கணக்காகச் சேருகிற எரு காய்ந்து கிடக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதென்றால் நம்ம வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் புழு ஈயாகிப் பறந்துவிடும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

பந்தியில் பாயாசம் ஊற்றினார்கள். வெள்ளையாக ஊற்றினது கருப்பாக அசைந்தது. பெரிய மகளின் மாமனார் நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி இலையை மடித்துவிட்டு, "எனக்குச் சக்கரை இருக்குதுங்க சம்பந்தி" என்றார்.

அவருக்குச் சக்கரை கிடையாது. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நாலு லட்டு தின்றவர்.

மயானக்கரை:

பக்கத்தில் எது இருந்தாலும் ஓடுவது என்றால் அப்புறம் எங்கேதான் குடியிருப்பது? நான் 14 வருஷமாகச் சுடுகாட்டுக்கு எதிரே இருக்கிறேன். ஈ இல்லை, தூசி இல்லை, ராத்திரி பத்துக்கு மேல் ஒரு வண்டி வராது. பாதி விலைக்கு வாங்கினேன். பேயைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கரண்ட் பில்தான் பேய்.

ஒரே ஒரு நாள்தான் சங்கடம். மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தட்டில் பஜ்ஜி வைத்த நேரம் பார்த்துப் பறை. சங்கு. வாசலை உரசிக்கொண்டு பாடை போகிறது. மாப்பிள்ளையின் அப்பத்தா என் அம்மாவிடம், "இங்க எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். என் அம்மா பெரிய மரியாதையோடு, "இல்லீங்க, ஆள் செத்தா மட்டுந்தானுங்க" என்றாள். சம்பந்தம் முடிந்தது, பேரன் பிறந்து நடக்கிறான். ஆனால் அந்த அப்பத்தா இன்று வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினதில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனால் பையைத் தூக்கிக்கொள்வார்.

வேலந்தாவளத்தாருக்கு ஒன்று. டம்ளரைத் துடைப்பது பொம்பளைகள் பழக்கம், என் அம்மாவும் துடைப்பாள். அதற்காகப் பாதி விலை வீட்டை விடுவார்களா?

மீனாட்சிபுரம் 64:

டம்ளரை விடுங்கள். முதலில் ஆதாரத்தை, அதாவது கிரயப் பத்திரத்தைப் பார்த்தீர்களா?

என் கதை சின்னது. பிளாச்சிமடையில் 2000-ல் குளிர்பான ஆலை வந்தபோது, இனி அந்தப் பக்கம் இடம் எகிறும் என்று என் மச்சான் 10 செண்டு வாங்கிப் போட்டார். 2002 ஏப்ரலில் அந்த ஊர் மயிலம்மாவும் மற்றவர்களும் கிணற்றுத் தண்ணீர் போச்சு என்று ஆலைக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இடம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, கருவேலம் முளைத்து. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நம்ம ஆட்கள் ஆதாரத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேரளத்துக் காகிதத்தில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மண்ணுக்கு அங்கே 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். 2008-ல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி ஊர் வாரியாக டேட்டா பேங்க் என்று வயல்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். உங்கள் சர்வே நம்பர் அதில் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (அங்கே விவசாய ஆபீஸ்) கேளுங்கள். வில்லேஜ் ஆபீசில் கடைசியாகக் கரம் (நிலவரி) கட்டின ரசீதையும், போக்குவரவு, அதாவது பேர் மாற்றம், ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது தூரம். தமிழ்நாட்டு விதியில் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு இடம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் அதே பாறைக்கு 50 மீட்டர்தான். வெடி வைக்கிற குவாரி என்றால் 200 மீட்டர் வேண்டும் என்று 2020-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, அது கோர்ட்டுக்கெல்லாம் போனது. ஆக இன்றைக்குப் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழி, பத்து வருஷத்தில் பனைமரத்துக்கு இந்தப் பக்கம் வராது என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் காற்று. நீங்கள் போனது மார்கழி. அப்போது பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிழக்கேயிருந்து மேற்கே போகும். தூசி, சத்தம் எல்லாவற்றையும் உங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஆனி, ஆடியில் அதே கணவாய் வழியாக மேல்காற்று திரும்பி வரும்போது கிரஷருக்கு நேர் கிழக்கே இருக்கிறது உங்கள் வீடு. நீங்கள் பார்த்த இடம் இருக்கிற சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் அப்போது பெரிய மழையும் கிடையாது, தூறலோடு நிற்கும், தூசி அடங்காது. ஜன்னலில் டேப் ஏன் என்பதற்குப் பதில் அதுதான். கல்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ், அதற்கு மருந்து கிடையாது.

எந்தக் கிழமை போனீர்கள்? ஞாயிறா? குவாரிக்கு ஞாயிறு லீவு. புரோக்கருக்கு ஞாயிறுதான் வேலை நாள்.

பத்திரச் செலவையும் யோசியுங்கள். முத்திரை 8, பதிவு 2, ஆகப் பத்து சதவீதம். நாளைக்குப் பிடிக்காமல் விற்றால் அந்தப் பத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கடைசியாக, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். விற்கிறவரையும் குடிக்கச் சொல்லுங்கள்.

புளியரை:

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சுடுகாடு, குவாரி, பண்ணை எதுவும் இல்லை. ரோடு மட்டும்தான். பார்த்தது பகலில். ராத்திரியில் கேரளாவுக்குக் கல்லும் எம்.சாண்டும் ஏற்றின லாரி எஸ் வளைவில் ஏற வரிசை கட்டுகிறது. காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, சுவரில் முருகன் படத்தை நேராக மாட்டுவது.

கிணத்தடி:

64 அண்ணா, அவர் கேட்டது ஒரு டம்ளரைப் பற்றி. நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீசையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கிணற்றைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு உறைத்தது, அதனால் எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டுக்கு இந்தப் பக்கம், இரும்பு உருக்குகிற ஒரு இடத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தோம். நாலு வருஷம் ஆகிறது. கிணறு அழகாக இருந்தது, கைப்பிடிச் சுவரில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம்கூட இருந்தது. கயிறுதான் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளிக்கும் தூணுக்கும் நடுவில் சிலந்தி வலை. மோட்டார் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கட்டிலில் விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. என் சின்னவன் பந்து உருண்டது என்று விரிப்பைத் தூக்கினான். அடியில் நீலத் தண்ணிக் கேன்கள். 20 லிட்டர் கேன், பதினொன்று எண்ணினேன். அந்த வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். குனிந்து விரிப்பை இழுத்துவிட்டார், நானும் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

நான் எழுதுவது அதற்காக இல்லை. கேட்டில் இன்னொரு ஜோடி காத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம் இருக்கும், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். "எப்படிங்கக்கா இருக்குது வீடு?" என்று கேட்டாள். அந்த அக்கா எனக்குப் பின்னால் வாசலில் நிற்கிறார். நான் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் எட்டிப் பார்ப்பேன். கொடியில் சின்னச் சின்னச் சட்டையாகக் காய்ந்தது. இப்போது கொஞ்சம் பெரிய சட்டை.

மயானக்கரை:

சொல்லியிருக்கலாம் தங்கச்சி. கேட்டுக்கு வெளியே வந்து, நாலு அடி தள்ளியாவது.

கிணத்தடி:

தெரியும் அண்ணா.

மீனாட்சிபுரம் 64:

உருக்கு ஆலைப் பக்கம் என்றால் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கிற உப்பின் அளவு) மட்டும் பார்த்தால் போதாது. ஈயம், காட்மியம் எல்லாம் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக் குழாய் வருகிறதா, வந்தால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று...

பண்ணைக்கு எதிர்வீடு:

64, கொஞ்சம் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

வேலந்தாவளத்தான்:

ஆமாம், ரெண்டு தடவையும் ஞாயிறுதான். 64 எழுதினதைப் படித்த பிறகு, செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு புரோக்கருக்குச் சொல்லாமல் போனோம். வீட்டுக்குப் போகவில்லை. அந்தத் திருப்பத்தில் இருக்கிற பெட்டிக்கடையில் டீ சொன்னோம். ரெண்டரை மணி இருக்கும், சங்கு ஊதியது. கடைக்கார அக்கா என் சம்சாரத்திடம் பூ விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. ரெண்டு சில்வர் தட்டு எடுத்து எங்கள் டீ கிளாஸ் மேல் ஆளுக்கொன்றாக மூடினார். வேட்டுச் சத்தம் கேட்டது, காலுக்கடியில் தரை ஒரு தரம் உதறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிட்டு "குடிங்க, ஆறிடும்" என்றார்.

இது தினமுங்களா என்று கேட்டேன். "இதென்னங்க, ஆடியில வாங்க" என்றார். அப்புறம் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுக்குப் பார்க்க வந்தவங்களா? பாவம், மூணு வருஷமா வித்துட்டு இருக்காங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சம்சாரம் ஒன்றும் பேசவில்லை. வேலந்தாவளம் பாலம் தாண்டினதும், "அடுப்படி மட்டும் நல்லா இருந்தது" என்றாள். புரோக்கர் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க, அப்பவும் விற்காமல் இருந்தால் போய்ப் பார்க்கலாம் என்கிறாள். நான் இன்னும் போனை எடுக்கவில்லை.

மயானக்கரை:

அந்தப் புரோக்கர் நம்பரை எனக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்.