‘எதிர்ப்புத் திறன்’ வேண்டாம், ‘மருந்துமீறல்’ வைக்கலாமா?

தமிழ்க் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கிருமி சாகாமல் நிற்பதற்குத் (ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ்) தமிழில் என்ன சொல் வைப்பது என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். “எதிர்ப்புத் திறன்” என்றே இருந்துவிட்டுப் போகட்டும், பத்திரிகைகளும் அப்படித்தானே எழுதுகின்றன என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். நான் டெல்லியில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிறேன். அந்தச் சொல் கூடவே கூடாது என்பது என் கட்சி.

தமிழில் எதிர்ப்பு சக்தி என்றால் அது நம் உடம்பில் இருப்பது, நல்லது, இன்னும் கூட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவது. கொரோனா சமயத்தில் வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் குடித்தது அதற்காகத்தான். அதே சொல்லைத் தூக்கிக் கிருமிக்குக் கொடுத்தால் கேட்கிறவருக்கு என்ன புரியும்? இங்கே திரிலோக்புரியில் இருக்கும் விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருவர் மாமியாரின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டை, அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த ரிப்போர்ட்டை, எடுத்துக்கொண்டு வந்தார். மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக ஆர், ஆர், ஆர். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. ஊரில் இருக்கும் மகன் மொபைலில் மொழிபெயர்த்துப் பார்த்து “எதிர்ப்பு” என்று சொல்லியிருக்கிறான். “எல்லாத்துக்கும் எதிர்ப்பு இருக்குன்னு வந்திருக்காமே தம்பி, அப்ப சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்ல?” என்று கேட்டார். அந்தத் தாளில் மாத்திரையாகக் கொடுக்கிற மாதிரி ஒரு மருந்துகூட மிச்சம் இல்லை.

இது அந்த அக்காவின் குழப்பம் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்தியா உட்பட 12 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில் 76 சதவீதம் பேர், நம் உடம்புதான் மருந்துக்குக் கேட்காமல் போய்விடுகிறது என்று நினைத்தார்கள். மாறுவது உடம்பு இல்லை, கிருமி. அதனால்தான் வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கே தொடாத ஒருவருக்கும் இப்படிப்பட்ட கிருமி தொற்றலாம். இந்த ஒரு விஷயம் விளங்காவிட்டால் மற்ற எதைச் சொல்லியும் பயன் இல்லை. சொல்லே அதை மறைக்கிறது என்றால் எப்படி?

நிலைமை சாதாரணமாகவும் இல்லை. லான்செட் மருத்துவ இதழில் 2024-ல் வந்த ஆய்வின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 11.4 லட்சம் பேர் நேரடியாக இதனால் இறந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 2023-ல் லேபில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் ஆறில் ஒன்று ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை என்கிறது. நாம் இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் அது மூன்றில் ஒன்று.

சரி, வந்த சொற்களைப் பார்ப்போம். “மருந்தெதிர்ப்பு” என்று கோவை ஐயா சொன்னது சுருக்கமாக இருக்கிறது. ஆனால் “மருந்து எதிர்ப்புக் காசநோய்” என்று போஸ்டரில் போட்டால், நோயாளி மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார் போலத் தொனிக்கிறது. “மருந்துக்குப் பழகிய கிருமி” காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் நடப்பது அது இல்லை. ஒவ்வொரு கிருமியும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வதில்லை. கோடிக்கணக்கில் இருப்பவற்றில் ஏதோ சில, மரபணுவில் நேர்ந்த மாற்றத்தாலோ இன்னொரு கிருமியிடமிருந்து வாங்கிய மரபணுவாலோ தப்பிக்கின்றன, மற்றவை செத்த இடத்தில் அவை பெருகிவிடுகின்றன. போதாததற்குப் பழக்கம் என்றாலே போதை நினைவு வந்துவிடும்.

என் பரிந்துரை மருந்துமீறல். எல்லை மீறல், விதிமீறல் என்று ஏற்கெனவே கையில் இருக்கிற அமைப்புதான், “மருந்தையும் மீறிக் காய்ச்சல் வருது” என்று வீட்டிலும் சொல்கிறோம். லேபில் எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைப்பதும் இதுதான். கிருமி வளர்க்கும் வெளிர் மஞ்சள் அகார் கூழ்த் தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, மேலே மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, ராத்திரி முழுக்க 35 டிகிரி சூட்டில் விடுவோம். காலையில் எடுத்தால், மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருக்கும், அதன் விட்டத்தை அளந்துதான் ரிப்போர்ட் எழுதுகிறோம். மீறிய கிருமி என்றால் அந்த வட்டம் சிறுத்துப்போயிருக்கும், பல சமயம் வட்டமே இருக்காது, வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு சாம்பல் படலமாக வளர்ந்து நிற்கும்.

இதிலிருந்து மற்ற சொற்களும் எளிதாகக் கிளைக்கும். கிருமி மருந்துமீறி. பல மருந்துகளை மீறினால் பன்மருந்துமீறி. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துகள் இரண்டையும் மீறிய காசநோயைப் பன்மருந்துமீறிய காசநோய் எனலாம். அதற்குக் காரணமான மரபணு மீறல் மரபணு. எதிர்ச்சொல்லுக்கும் அலைய வேண்டாம், மீறும் என்பதற்கு அடங்கும். அப்புறம் ரிப்போர்ட்டில் ஐ என்று ஒரு எழுத்து வரும், முன்பு அதற்கு இடைநிலை என்று பொருள். இந்தச் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் யூகாஸ்ட் என்ற ஐரோப்பியக் குழு 2019-ல் அதன் பொருளையே மாற்றிவிட்டது, அந்த முறைப்படி “கூடுதல் அளவில் அடங்கும்” என்று எழுதிவிடலாம்.

மும்பை அக்கா எழுப்பிய ஆட்சேபம் கனமானது. மருந்துமீறல் என்றால் நோயாளி டாக்டர் சொன்னதை மீறிவிட்டார் என்று படிக்க மாட்டார்களா, பழி நோயாளி தலையில் விழாதா என்று கேட்கிறார். விழக் கூடாது, ஏனென்றால் பல சமயம் அவருக்கு இதில் பங்கே இருக்காது. எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பாபெனெம் என்ற வலுவான மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி அது, அதன் மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் வழியாகக் கிருமி விட்டுக் கிருமி தாவும். 2011-ல் வெளியான ஆய்வில் டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய, கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு இருந்தது. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தவர் எந்த விதியை மீறினார்?

அதனால் பொதுமக்களுக்கு எழுதும்போது எப்போதும் “மருந்துமீறிக் கிருமி” என்று கிருமியைச் சேர்த்தே எழுதுவோம், மீறுவது யார் என்பதில் சந்தேகம் வராது. மருந்துமீறல் என்ற தனிப்பெயர் கட்டுரைக்கும் பாடநூலுக்கும் இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக்கைத் தமிழாக்குவதை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருக்கிறவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 18 முதல் 24 வரை வரும், இந்தப் பிரச்சினைக்கான உலக விழிப்புணர்வு வாரத்துக்காக இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சிறுநீர்த் தொற்று பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரிக்கிறேன். “மருந்துமீறிக் கிருமி” என்று போட்ட பக்கத்தை நாளை இங்கே அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் மருத்துவம் படிக்காத யாரிடமாவது படிக்கக் கொடுத்து, மீறுவது யார் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள்.